கிறுகும் அளவு

தீவின் பெயரை எழுதக்கூடாது என்றான் டன்ஸ்டன்.
எழுதினால் வேறு யாரும் முந்திவிடுவார்களாம்.
ஆகவே கொப்பியின் முதற்பக்கத்தில்
‘அது’ என்று மட்டும் இருக்கிறது,
கீழே இரண்டு கோடு.

கல்லடியில் மழை.
முகத்துவாரம் வெட்டி மூன்று நாள்,
கடல் முழுக்கத் தேயிலைச் சாயம்.
பங்குனி வரைக்கும்
மூழ்கிய கப்பல் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள்.
சாக்குப் போர்த்திய கம்பிறசரின் மேல் பூனை தூங்குகிறது.
திட்டம் போட நேரம் கிடக்கு.
காசு இல்லை.

செய்மதிப் படத்தில் அது
பச்சைக்குள் ஒரு கருநீலப் பொட்டு.
பெருப்பித்தால் சதுரம் சதுரமாக உடைகிறது.
எப்போதோ இறங்கிய ஒருவன் பென்சிலால் கீறியது
எங்கெங்கோ சுற்றி எங்களிடம் வந்தது:
வாசல், ஒரு வளைவு, ஒடுங்கிய கழுத்து,
அதற்கு அங்கால் ஒரு கேள்விக்குறி.
டன்ஸ்டனுக்கு அந்தக் கேள்விக்குறியில் காதல்.
இஃப்ராஸ் கேட்டான்,
“கீறினவன் மேல வந்தவனா?”
“வந்ததாலதானே படம் இருக்கு.”
“படத்த மட்டும் ஆரும் எடுத்திட்டு வந்திருக்கலாம், மச்சான்.”

கணக்கு என் பொறுப்பு.
பகலில் கூட்டுறவு வங்கியில் அடுத்தவர் காசு,
இரவில் மூன்று பேரின் காற்று.
இருநூற்றுப் பத்து பார். மூன்றாகப் பிரி.
போக எழுபது.
வர எழுபது.
மிச்ச எழுபது உன்னுடையதல்ல,
பக்கத்தில் வருகிறவனுக்கு மூச்சு அறுந்தால் அவனுக்கு.
ஊசி நூற்று நாற்பதைத் தொட்டதும்
எத்தனை பெரிய மண்டபம் முன்னால் திறந்தாலும்
கிறுக வேண்டும்.

கையேட்டில் அதற்கு வேறு சொல்.
இஃப்ராஸ் ஒத்துக்கொள்ளவில்லை.
“பயந்தா மனசுக்குள்ள வாறது கிறுகுதான்.
வேற சொல்லு வந்து சேரக்குள்ள காத்து முடிஞ்சிடும்.”

ஞாயிறு, மழை விட்ட இடைவெளியில்
சவுக்கு மரங்களுக்கிடையே நைலோன் கயிறு இழுத்தோம்,
வாழைச்சேனையில் வாங்கியது, மூன்று மீற்றருக்கு ஒரு முடிச்சு.
கண்ணைக் கட்டிக்கொண்டு
ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடந்தோம்.
ஒருதரம் அழுத்தினால் நில். இருதரம் என்றால் வெளியே.
பந்தடித்த பொடியன்கள் கயிற்றை அவிழ்த்துப்
பிடித்துக்கொண்டு அலைக்குள் நின்றிருக்கிறார்கள்.
டன்ஸ்டன் முடிச்சுகளை எண்ணியபடி
முழங்கால் தண்ணீருக்குள் போய்விட்டான்.

மோட்டார் சைக்கிளை நிறுத்திய பொலிஸ்காரர் கேட்டார்,
“என்ன செய்றது நீங்க?”
“தீவு ஒண்டுக்குப் போறம் சேர். குகை பாக்க.”
அவர் எங்கள் கண்கட்டுகளைப் பார்த்தார்.
கடலைப் பார்த்தார்.
“ஒஸ்ரேலியா போட் எங்க இருக்கு?”

கொப்பியின் கடைசிப் பக்கம் எஞ்சியிருந்தது.
இறங்கும் நேரம். கிறுகும் நேரம். மேலே வரும் நேரம்.
அது தாண்டினால் யாருக்கு அழைப்பது.
டன்ஸ்டன் தங்கையின் இலக்கத்தை எழுதினான்.
இஃப்ராஸ் மனைவியுடையதை எழுதி, வெட்டி,
மச்சினனுடையதை எழுதினான்.

என் பேனை நின்றது.
அம்மா இதைப்போன்ற படிவங்கள் நிரப்பியவள்,
அண்ணனுக்காக, ஆறு அலுவலகங்களில்.
கடைசியாகக் கண்ட இடம் கேட்டார்கள்,
சட்டையின் நிறம் கேட்டார்கள்.
திரும்பும் நேரம் என்றொரு கட்டம்
ஒரு தாளிலும் இருக்கவில்லை.

நாலு இருபது என்று எழுதினேன்.
மறுகா அதை வெட்டி, நாலு பத்து.

“ஏன் பத்து நிமிசம் குறைச்ச?”
“அம்மாட நம்பர்,” என்றேன்.

இஃப்ராஸ் கல்குலேற்றரை என் பக்கம் தள்ளினான்.
எல்லாவற்றையும் திரும்பப் போட்டோம்.
கிறுகும் அளவு இப்போது நூற்றைம்பது.
கேள்விக்குறி வரைக்கும் போதாது என்று
முணுமுணுத்தான் டன்ஸ்டன்,
தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு.

போதாதுதான்.